எபாக்சியில் தின்னர் கலக்கலாமா?

மக்கிப்போன மரத்தைப் பழுதுபார்க்கிறவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. எபாக்சி கெட்டியானது, அப்படியே தடவினால் மேலேயே நின்றுவிடும். கொஞ்சம் அசிட்டோனோ லாக்கர் தின்னரோ கலந்து நீர்க்க வைத்தால் உள்ளே இறங்கி, இற்றுப்போன நார்களைப் பிணைத்து, மரத்துக்குப் பழைய பலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்கிறார்கள். மேலை நாடுகளில் மரப்படகு கட்டுபவர்களிடமும் பழைய ஜன்னல்களைச் சீரமைப்பவர்களிடமும் இந்தப் பேச்சு நெடுநாளாக இருக்கிறது. கரைப்பான் கலந்தே டப்பாவில் அடைத்து, ஊடுருவும் எபாக்சி என்ற பெயரில் விற்கப்படும் சரக்கும் உண்டு.

இந்தப் பேச்சுக்குள் மூன்று கூற்றுகள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. தின்னர் கலந்தால் ஆழம் கூடும் என்பது ஒன்று. ஆழம் கூடினால் பலம் கூடும் என்பது அடுத்தது. ஆழம் கூடினால் தண்ணீர் புகாது என்பது மூன்றாவது. முதலாவது உண்மைதான், ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. இரண்டாவது பெரும்பாலும் தவறு. மூன்றாவது முழுத் தவறு. இந்த முடிவுக்கு ஏன் வருகிறேன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். தின்னருக்குச் சாதகமான வாதங்களில் மதிக்கத்தக்கவையும் உண்டு. அவற்றுக்கும் உரிய இடம் தரவேண்டும்.

எபாக்சி எப்படி இறுகுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பெயின்ட், வார்னிஷ் காய்வதுபோல எதுவும் ஆவியாகி அது காய்வதில்லை. ரெசினில் உள்ள எபாக்சைடு முனைகளும் ஹார்டனரில் உள்ள அமீன்களும் வினைபுரிந்து, எல்லாப் பக்கமும் பின்னிய ஒரே வலையாக மாறுகின்றன. அந்த வினையில் துணைப்பொருள் எதுவும் பிரிவதில்லை. ஊற்றியது ஏறத்தாழ அத்தனையும் திடப்பொருளாகவே நிற்கும். சுருக்கம் மிகக் குறைவு. 1930களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தான் உருவாக்கி, பின்னர் சீபா நிறுவனம் அரால்டைட் என்ற பெயரில் விற்று, நம் வீட்டு மேசை இழுப்பறைகள் வரை வந்து சேர்ந்த பிசினின் சிறப்பே இதுதான்.

தின்னர் இந்த வினையில் சேராது. அதற்கு இரண்டு வழிகளே உண்டு. பிசின் கட்டியாவதற்குள் ஆவியாகி வெளியேற வேண்டும்; அல்லது வலைக்குள் சிக்கிக்கொள்ள வேண்டும். சிக்கிக்கொண்டால் பிசின் மென்மையாகவே இருக்கும். பிறகு மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியேறும்போது சுருக்கத்தையும் நுண்துளைகளையும் விட்டுச்செல்லும். அதாவது, எபாக்சியைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தையே தின்னர் அரிக்கிறது.

எவ்வளவு அரிக்கிறது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பே சிட்டி என்ற ஊரில், வெஸ்ட் சிஸ்டம் எபாக்சியைத் தயாரிக்கும் கூஜன் பிரதர்ஸ் நிறுவனத்தார் தங்கள் பிசினிலேயே இதைச் சோதித்து எண்களை வெளியிட்டிருக்கிறார்கள். 5 சதவீதம் லாக்கர் தின்னர் கலந்தபோது பாகுத்தன்மை ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. அமுக்கத்தைத் தாங்கும் வலிமை 35 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இவர்கள் பிசின் விற்பவர்கள். யாரும் தின்னர் ஊற்றிப் பிசினை மிச்சப்படுத்தாமல் இருப்பதில் இவர்களுக்கு லாபம் உண்டு. ஆகவே இந்த எண்களை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் அவை போகும் திசை வேதியியல் சொல்வதோடு ஒத்துப்போகிறது. மரப்படகு கட்டுமானத்தில் 1969 முதல் பிசினோடு புழங்குகிறவர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாகுத்தன்மை 60 சதவீதம் குறைவது கேட்பதற்குப் பெரிய லாபமாக இருக்கிறது. ஆழமும் அதே அளவில் கூடும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கு தவறு. மெல்லிய குழாய்க்குள் திரவம் தானாக ஏறிச் செல்வதை விளக்கும் சமன்பாட்டை எட்வர்ட் வாஷ்பர்ன் 1921இல் எழுதினார். குழாயின் அகலம், திரவத்தின் பரப்பு இழுவிசை, கிடைக்கும் நேரம் ஆகியவற்றைப் பெருக்கி, பாகுத்தன்மையால் வகுத்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் வருவதை ஒட்டியே திரவம் எட்டும் தூரம் அமையும். எல்லாம் அந்த வர்க்கமூலத்தில்தான் இருக்கிறது. பாகுத்தன்மை நூறிலிருந்து நாற்பதுக்கு இறங்கினால் தூரம் இரண்டரை மடங்காகாது. இரண்டரையின் வர்க்கமூலமான 1.6 மடங்குதான் ஆகும். ஓரிடத்தில் கலப்பில்லாத பிசின் அரை மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால், 5 சதவீதத் தின்னர் அதை 0.8 மில்லிமீட்டராக்கும். அந்த 0.3 மில்லிமீட்டருக்காகப் பிசினின் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. ஆழத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் பாகுத்தன்மை கால் பங்காக வேண்டும். அதற்கு இன்னும் தின்னர் வேண்டும்.

கரைப்பான் கலந்தால் இறுகும் நேரமும் நீளும், அதனால் இன்னும் கொஞ்சம் தூரம் போகும் என்று இங்கே ஒருவர் சொல்லலாம். சரியான வாதம். ஆனால் அதே நேரத்தை மெதுவாக இறுகும் ஹார்டனர் எந்த இழப்புமில்லாமல் தருகிறது.

அடுத்து, மரத்தின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் உடல், சுமார் 3 மில்லிமீட்டர் நீளமும் 20 முதல் 40 மைக்ரோமீட்டர் அகலமும் கொண்ட நெடுஞ்செல்களால் ஆனது. இரு முனையும் மூடிய செல்கள் அவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் சுவரிலுள்ள குழிகள் வழியாகத்தான் போக வேண்டும். குழிகளின் சவ்வில் உள்ள இடைவெளி ஒரு மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும். மரம் உலரும்போது அந்தச் சவ்வுகளில் பல ஒரு பக்கமாக ஒட்டி அடைத்துக்கொள்ளும். தேக்கு போன்ற அகன்ற இலை மரங்களில் அகலமான நாளங்கள் உண்டு. ஆனால் வைரம் பாய்ந்த பகுதியில் நாளத்துக்குள் வளர்ந்த அடைப்புகளும் படிவுகளும் அவற்றை மூடிவிடுகின்றன. நார் ஓடும் திசையில் திரவம் செல்வது எளிது. குறுக்கே செல்வது அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கடினம். நல்ல மரத்தில் தடையாக நிற்பது இந்த அமைப்புதான். அதைத் தின்னர் மாற்றாது.

மக்கிய மரம் வேறு மாதிரி. பூஞ்சை செல்சுவர்களையும் குழிச்சவ்வுகளையும் தின்று வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. நன்றாக உலர்ந்த, பஞ்சாகிப்போன மரத்தில் சாதாரண எபாக்சியே குடிக்கக் குடிக்க இறங்கும். ஆக, பிசின் தேவைப்படும் இடத்தில் தின்னர் அவசியமில்லாமல் போகிறது. தின்னர் இல்லாமல் பிசின் நுழையாத இடத்தில் பெரும்பாலும் பிசினே தேவையில்லை. தின்னருக்கு மிஞ்சுவது இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைப்பகுதி. பார்ப்பதற்குத் திடமாக இருக்கும், ஆனால் பூஞ்சை நுழைந்துவிட்ட பகுதி அது. அங்கே நீர்த்த பிசின் கூடுதலாகச் சில மில்லிமீட்டர் போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போய் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. பழுப்பு மக்கலை உண்டாக்கும் பூஞ்சைகள் செல்சுவருக்குள் இருக்கும் செல்லுலோஸ் சங்கிலிகளை ஆரம்பத்திலேயே வெட்டிவிடுகின்றன. மரத்தின் எடை பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள் அதிர்ச்சியைத் தாங்கும் திறன் பாதிக்கும் மேல் போய்விடும். பிசின் செல்லின் வெற்றிடத்தை நிரப்பும். அறுந்த சங்கிலிகளை அது ஒட்டவைப்பதில்லை.

இப்போது பலத்தைப் பற்றிய கூற்றுக்கு வருகிறேன். இதில்தான் மிகப் பெரிய மயக்கம் இருக்கிறது. எந்த மரமானாலும் செல்சுவரின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒரு பைன் துண்டின் அடர்த்தி தண்ணீரில் பாதி என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம். மக்கி எடை பாதியாகிவிட்டால் வெற்றிடம் 83 சதவீதமாகும். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள அப்படி ஒரு கட்டையை முழுதாக நிரப்ப 830 மில்லிலிட்டர் பிசின் வேண்டும். நிரப்பிய பிறகு கையில் இருப்பது மரத்தூள் கலந்த எபாக்சி வார்ப்புதான். அதை மரம் என்று சொல்ல முடியாது. நல்ல மரத்தின் விறைப்பு நார் திசையில் சுமார் 10 கிகாபாஸ்கல். எபாக்சியின் விறைப்பு சுமார் 3. முழுக்க முழுக்கக் கலப்பில்லாத பிசினால், ஒரு துளி வெற்றிடமும் விடாமல் நிரப்பினாலும், அந்தக் கட்டை வளைவதை எதிர்ப்பதில் நல்ல மரத்தின் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் அதிகம். நிரந்தரச் சுமையின் கீழ் பிசின் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும் என்பது அதற்கு மேல். அமுக்கத்தைத் தாங்குவதில் மட்டுமே எபாக்சி மரத்தோடு போட்டிபோடும். அந்த ஒரு பலத்தையும் தின்னர் பறிக்கிறது.

பாதிக்குப் பாதி தின்னர் கலந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே கட்டையில் பார்க்கலாம். 830 மில்லிலிட்டரும் உள்ளே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். தின்னர் முழுதும் ஆவியாகி வெளியேறிவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். தங்குவது 415 மில்லிலிட்டர் பிசின். மீதி 415 மீண்டும் வெற்றிடம். திறந்த வழியாகத் தின்னர் வெளியேறியிருப்பதால் அந்த வெற்றிடங்களில் பல ஒன்றோடொன்று தொடர்பு கொண்டவை. ஈரம் மீண்டும் நுழைய அதே வழி போதும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. வலிமைச் சோதனைகளில் பிசினைக் கட்டியாக வார்த்து நசுக்குகிறார்கள். வார்த்த கட்டியிலிருந்து தின்னர் வெளியேற முடியாது. மரத்தின் நுண்துளைகளில் பிசின் மெல்லிய படலமாகத்தான் இருக்கும், அங்கிருந்து தின்னர் எளிதில் போய்விடும், ஆகவே 35 சதவீத இழப்பு என்பது மரத்துக்குப் பொருந்தாது என்பது அந்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மேற்பரப்பை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில், பல நாள் காயவிட்டால், இழப்பு குறைவாகவே இருக்கும். ஆனால் எந்த ஆழத்துக்காகத் தின்னர் கலக்கிறோமோ அந்த ஆழத்தில் நிலைமை நேர்மாறு. மேலே உள்ள பிசின் முதலில் இறுகிவிடும், உள்ளே போன தின்னருக்கு வாசல் அடைபடும். ஆழம் கூடக் கூடச் சிக்கிக்கொள்ளும் அளவும் கூடும். மேற்பரப்புக்கு மட்டும் பொருந்தும் வாதத்தை வைத்து ஆழத்துக்கு நியாயம் சொல்ல முடியாது.

தண்ணீரைப் பற்றிய கூற்றுக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரிலுள்ள அமெரிக்க அரசின் வன உற்பத்தி ஆய்வகம் பலவகைப் பூச்சுகளின் ஈரம் தடுக்கும் திறனை 1980களில் ஒப்பிட்டுப் பார்த்தது. மரத்துக்குள் ஊறிப்போகும் எண்ணெய்கள் கடைசி வரிசையில் நின்றன. உருக்கிய மெழுகில் தோய்த்ததும் பல கோட்டு எபாக்சியும் முன்வரிசையில் நின்றன. ஈரத்தைத் தடுப்பது மேலே நிற்கும் துளையற்ற படலம். அதன் தடிமன் கூடினால் தடுப்பும் கூடும். தின்னர் அந்தப் படலத்தை மெல்லியதாக்குகிறது, நுண்துளை உள்ளதாகவும் ஆக்குகிறது.

எந்தக் கரைப்பான் என்பதிலும் வேறுபாடு உண்டு. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும், சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் பலருக்குப் பிடித்தமானது. ஆனால் அது கீட்டோன் வகை. ஹார்டனரிலுள்ள முதன்மை அமீன்களோடு வினைபுரிந்து அவற்றை முடக்கும், கூடவே தண்ணீரையும் உண்டாக்கும். பிசின் இறுகத் தாமதமாவதைப் பார்த்து, நிறைய நேரம் கிடைத்தது என்று மகிழ்கிறவர்கள் ஹார்டனரின் ஒரு பகுதியை இழந்துகொண்டிருக்கிறார்கள். லாக்கர் தின்னரில் டொலுயின் போன்றவை கலந்திருக்கும். அவை மெதுவாகப் போகும், அதிகம் சிக்கும். பிசினோடு வினைபுரிந்து வலைக்குள் சேரும் கிளைசிடைல் ஈதர் வகை நீர்ப்பிகள் வேறு இனம். தொழிற்சாலையில் அளந்து, அதற்கேற்ப ஹார்டனரின் அளவையும் மாற்றி, மெல்லிய எபாக்சியாகவே விற்கிறார்கள். அவற்றிலும் கொஞ்சம் பலம் குறையும். ஆனால் வெற்றிடம் விடாது. மெல்லிய பிசின் வேண்டுமென்றால் வாங்க வேண்டியது இதைத்தான். வீட்டில் கலக்க முயலக் கூடாது, விகிதம் தவறினால் பிசின் முழுதாக இறுகாது.

உடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இறுகாத எபாக்சியும் ஹார்டனரும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியவை. ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும், அந்த ஆள் பிறகு அந்தத் தொழிலையே விட வேண்டிவரலாம். தின்னர் தோலின் எண்ணெயைக் கழுவி, பிசினுக்கு வழிவிடுகிறது. சாதாரணமாகப் போடும் நைட்ரில் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் கடந்துவிடும். அசிட்டோன் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்குச் சேர்ந்துவிடும் என்பதால், மூடிய அறையில் ஒரு ஸ்விட்ச் பொறியே போதும். கூலிக்கு வேலை செய்யும் ஓர் ஆசாரியின் கைகளை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்காகப் பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, ஆழம் உண்மையிலேயே வேண்டும் என்றால் என்ன செய்வது? பிசினைச் சூடாக்கலாம் என்ற யோசனையை முதலில் சோதிக்கிறேன். பத்து டிகிரி கூடினால் பாகுத்தன்மை ஏறத்தாழ பாதியாகும். இறுகும் நேரமும் ஏறத்தாழ பாதியாகும். வாஷ்பர்ன் கணக்கில் நேரத்தைப் பாகுத்தன்மையால் வகுக்கிறோம். இரண்டும் பாதியானால் விடை மாறாது. கலந்த பிசினைச் சூடாக்கிச் சூட்டிலேயே வைத்திருப்பது வீண். டப்பாவிலேயே புகைந்து கட்டியாகிவிடவும் கூடும். மரத்தைச் சூடாக்குவது வேறு கதை. ஹீட் கன்னாலோ வெயிலாலோ மரத்தை 60 டிகிரிக்குக் கொண்டுவந்து, சூட்டை நிறுத்திய பிறகு பிசினைத் தடவ வேண்டும். தொட்ட இடத்தில் பிசின் இளகும். மரம் 30 டிகிரிக்கு ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று 9 சதவீதம் சுருங்கி, பிசினை உள்ளே இழுக்கும். ஆறிக்கொண்டே வருவதால் இறுகும் நேரமும் அதிகம் குறுகாது. தடவிய பிறகு சூடாக்கினால் காற்று விரிந்து குமிழ்களாகப் பிசினை வெளியே தள்ளும். இந்த வரிசை மாறக் கூடாது.

இதைவிடப் பெரிய பலன் துளையிடுவதில் கிடைக்கிறது. மக்கிய பகுதிக்குள் மூன்று நான்கு மில்லிமீட்டர் துளைகளைச் சாய்வாகப் போட்டால் நார்களின் வெட்டுமுகம் உள்ளேயே திறந்துகொள்ளும். பிசின் குறுக்கே போராடாமல் நார் ஓடும் திசையில் செல்லும். பல்லாயிரம் மடங்கு வித்தியாசம் என்று மேலே சொன்னது இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் மரம் உலர்ந்திருக்க வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீர் நின்றால் எந்தப் பிசினும் போகாது. மேலே மட்டும் மூடி, உள்ளே பூஞ்சைக்கு ஈரத்தைச் சேமித்துக் கொடுத்ததாகிவிடும். எபாக்சி பூஞ்சைக்கொல்லி கிடையாது. அந்த வேலைக்கு ஈரத்தோடு பரவும் போரேட் உப்புகள் இருக்கின்றன.

நம் ஊர் வீடுகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் நிலைக்காலின் அடியில்தான் எழுகிறது. தரை கழுவும் தண்ணீர் வெட்டுமுகம் வழியாக ஏறி, தேக்கு நிலையானாலும் அடி முழம் மட்டும் இற்றுப்போகும். அதன் மேல் கதவின் சுமையும் இழுப்பும் இருக்கின்றன. அங்கே பிசினை ஊற்றிக் கெட்டியாக்குவதைவிட, இற்ற பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டியெடுத்து, சாய்வான ஒட்டாகப் புதுக் கட்டை சேர்த்து, கலப்பில்லாத எபாக்சியால் ஒட்டுவது எல்லா வகையிலும் மேல். பிசின் செலவும் குறைவு, மரத்தின் விறைப்பும் கிடைக்கும். நெதர்லாந்தில் பழைய உத்தரங்களின் இற்றுப்போன முனைகளுக்குச் செய்வதும் இதே தர்க்கம்தான்: முனையை வெட்டிவிட்டு, கண்ணாடி இழைக் கம்பிகளை நல்ல மரத்துக்குள் இறக்கி, எபாக்சி சாந்தால் புது முனை வார்க்கிறார்கள். மக்கியதை ஊறவைத்து நம்புவதில்லை. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். சிக்கிய தின்னர் அந்த வரம்பை இன்னும் கீழே இறக்கும். சித்திரை வெயிலில் கருநிறப் பெயின்ட் அடித்த வெளிக்கதவின் மேற்பரப்பு அந்த வெப்பத்தை எளிதாகத் தொடுகிறது.

தின்னருக்கு இடமே இல்லையா? ஓரிடம் இருக்கிறது. சுமை தாங்காத, வெயிலில் நைந்து மேற்பரப்பு மட்டும் பொடிந்துபோன ஜன்னல் சட்டம், வேலைப்பாடுள்ள விளிம்பு போன்றவற்றில், பெயின்ட் பிடிப்பதற்கான அடித்தளமாக நீர்த்த எபாக்சி பயன்படும். ஒரு மில்லிமீட்டர் கூடுதல் ஆழம் அங்கே உண்மையிலேயே உதவும். வலிமை இழப்பு பொருட்டில்லை. மேற்பரப்பு திறந்திருப்பதால் தின்னர் வெளியேறவும் முடியும். பல நாள் காயவிட்டு, அதன்மேல் கலப்பில்லாத கோட்டு கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதிலும் தொழிற்சாலையில் மெல்லியதாக்கிய பிசின் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கலைப்பொருள், பழஞ்சிற்பம் என்றால் எபாக்சியையே எடுக்கக் கூடாது. அது உள்ளே போனால் திரும்ப எடுக்க முடியாது. அருங்காட்சியகங்களில் பாரலாய்ட் பி-72 போன்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து ஊட்டுகிறார்கள். தேவைப்பட்டால் பின்னொரு நாள் அதே அசிட்டோனால் பெருமளவு கரைத்தெடுக்கலாம். கரைப்பான் அங்கே உரிய இடத்தில் இருக்கிறது.

மேலே சொன்ன அந்த ஓரிடம் நீங்கலாக, சுமை தாங்கும் எந்த மரத்திலும், தண்ணீர் படும் எந்த மரத்திலும் எபாக்சியில் தின்னர் கலக்கக் கூடாது என்பதே என் தீர்ப்பு. ஊடுருவும் எபாக்சி என்று டப்பாவில் விற்கிறவர்கள், இறுகிய பின் கன அளவில் எத்தனை சதவீதம் மிஞ்சும் என்பதை முகப்பிலேயே அச்சிட வேண்டும். 30 சதவீதம் என்று போட்டிருந்தால் வாங்குகிறவர் தாமே பெருக்கிப் பார்த்துக்கொள்வார்: 83 சதவீத வெற்றிடத்தில் 25 நிரம்பும், 58 வெறுமையாகவே இருக்கும்.